ஃபேர்டிரேட் தேயிலைக்கு நான் கூடக் குடுக்கிற காசு கொழுந்து எடுக்கிறவருக்குப் போகுதோ?

தேம்ஸ்கரை (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். இஞ்ச லண்டனில எங்கட வீட்டில கனகாலமா ஃபேர்டிரேட் (விளைவிக்கிற ஆக்களுக்கு நியாயமான விலை குடுக்கிற நியாய வணிகம்) முத்திரை போட்ட தேயிலைதான் வாங்கிறம். பக்கத்தில இருக்கிற சாதாரணப் பெட்டியை விட விலை கொஞ்சம் கூட. மனுசி சொல்லுவா, "இலங்கையில எங்கட மலையகத் தோட்டச் சனத்துக்குப் போகுதெண்டா போகட்டும்" எண்டு. போன கிழமை வீட்டுக்கு வந்த ஒரு சிநேகிதன், "அது வெள்ளைக்காரன்ர மனச்சாட்சிக்குப் போடுற வரி, தோட்டத்துக்கு ஒண்டும் போகாது" எண்டு சொல்லிப்போட்டுப் போயிட்டான்.

நியாய வணிகத்துக்குப் பத்துக் கொள்கை இருக்கெண்டு நானும் வாசிச்சன். நியாயமான விலை, முன்பணம், பிள்ளைகளை வேலைக்கு வைக்கக்கூடாது, பெண்களுக்குச் சமஉரிமை, வெளிப்படைத்தன்மை... எல்லாம் நல்லாத்தான் இருக்கு. எனக்குக் கொள்கை வேண்டாம், கணக்கு வேணும். தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

ஏலக்கணக்கு

தேயிலை, காபி ஏற்றுமதியில் பல வருடம் இருந்தவன் என்பதால் கணக்கை நான் தொடங்குகிறேன்.

முதலில் இந்த முத்திரை எங்கே பிறந்தது என்று பார்க்க வேண்டும். மெக்சிகோவின் ஓஹாக்கா மலைகளில் பழங்குடிச் சிறு விவசாயிகளின் காபி கூட்டுறவு ஒன்று இருந்தது. அவர்களோடு வேலை செய்த நெதர்லாந்துப் பாதிரியார் ஃப்ரான்ஸ் வான் டெர் ஹோஃப், அதே நாட்டின் சாலிடாரிடாட் அமைப்பின் நிகோ ரூசன், இவர்கள் முயற்சியில் 1988 நவம்பரில் ஃபேர்டிரேட்டின் முன்னோடியான மேக்ஸ் ஹாவலார் என்ற முத்திரை நெதர்லாந்தில் வந்தது. அடுத்த வருடமே எந்த நாடு எவ்வளவு ஏற்றுமதி செய்யலாம் என்று கட்டுப்படுத்திய சர்வதேச காபி ஒப்பந்தத்தின் கோட்டா முறை உடைந்து உலக விலை சரிந்தது. 2001 கடைசியில் ஒரு பவுண்டு எடைக்கு (அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு) 50 அமெரிக்க சென்ட்டுக்கும் கீழே போனபோது ஃபேர்டிரேட் கூட்டுறவுகளுக்கு 1 டாலர் 21 சென்ட் தரை விலை இருந்தது. 5 சென்ட் பிரீமியம் தனி. அன்றைக்கு அது சோற்றுக்கும் பட்டினிக்கும் இடைப்பட்ட வித்தியாசம். சந்தேகமே வேண்டாம்.

இதில் இரண்டு காசு இருப்பதைக் கவனியுங்கள். ஒன்று, சந்தை விழுந்தாலும் இதற்குக் கீழே வாங்கக்கூடாது என்ற குறைந்தபட்ச விலை. இது சரக்கை விற்பவருக்குப் போகும். இன்னொன்று பிரீமியம். இது ஊர்ப் பொதுவேலைக்கு. ஓஹாக்காவில் விற்பவரும் விளைவிப்பவரும் ஒரே ஆள். தோட்டத் தேயிலையில் விற்பவர் கம்பெனி. கொழுந்து எடுப்பவரிடம் விற்க எதுவுமே இல்லை, அவருடைய நாளைத் தவிர. ஆக முதல் காசு அவரை நேராகத் தொடாது, இரண்டாவதுதான் மிச்சம்.

அந்த இரண்டாவதன் கணக்கு இது. தேயிலைக்குப் பிரீமியம் கிலோவுக்குச் சுமார் அரை டாலர். நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து ஒரு கிலோ தேயிலை ஆகும். ஒருவர் நாளுக்கு 18 கிலோ எடுத்தால் 4 கிலோ தேயிலை, 2 டாலர் பிரீமியம். டாலர் 300 என்று வைத்தால் 600 இலங்கை ரூபாய். மோசமில்லையே என்று தோன்றும். ஆனால் சான்றிதழ் வாங்கிய தோட்டத்தின் சரக்கு முழுவதையும் யாரும் ஃபேர்டிரேட் விலையில் வாங்குவதில்லை. ஒரு சிறு பகுதிக்குத்தான் அந்த முத்திரையோடு ஆர்டர் வரும், மீதி சாதாரண ஏலத்துக்குப் போகும். பத்தில் ஒரு பங்கு என்று வைத்துப் பாருங்கள். 600 ரூபாய் 60 ரூபாய் ஆகிவிட்டது. அதையும் செடியைக் கவ்வாத்து வெட்டுபவர், ஃபேக்டரியில் நிற்பவர் எல்லாருக்கும் பொதுவில் பங்கு வைக்க வேண்டும். கையில் கொடுப்பதும் இல்லை. தொழிலாளர் குழு ஒன்று கூடி எதற்குச் செலவழிப்பது என்று முடிவு செய்யும், ரொக்கமாகப் பிரிக்க வரம்பு உண்டு.

உங்கள் கால் கிலோ பெட்டிக்கு வாருங்கள். அதில் இருக்கும் பிரீமியம் பன்னிரண்டரை சென்ட்.

சுக்குமல்லி

பெட்டிக்கு அவர் கூடக் குடுக்கறது அதைவிட அதிகமாத்தான் இருக்கும். மீதி எங்க போச்சு?

ஏலக்கணக்கு

கடைக்காரர் அலமாரியில் என்ன விலை போடலாம் என்பதில் இந்த முத்திரை தலையிடுவதே இல்லை. கீழே கொடுப்பதற்குத் தரை உண்டு, மேலே வைக்கும் லாபத்துக்குக் கூரை கிடையாது. சான்றிதழ் செலவு, தனியாகப் பாக்கிங் என்று கொஞ்சம் போகும். மீதியைக் கடையும் பிராண்டும் அவரவர் பலத்துக்கு ஏற்பப் பிரித்துக்கொள்வார்கள்.

பெரட்டுக்களம்

தேம்ஸ்கரை அண்ணே, நான் ஹட்டன் பக்கத்துத் தோட்டத்துல பொறந்து வளர்ந்தவ. அம்மா ஓய்வு எடுக்கிற வரைக்கும் கொழுந்து எடுத்தாங்க. இப்ப கொழும்புல வேலை.

எங்க தோட்டத்துக்கும் அந்தச் சான்றிதழ் இருந்துச்சு. அந்தக் காசுல நல்லது நடக்கலன்னு சொன்னா பொய். தண்ணித் தொட்டி கட்டினாங்க, பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் வகுப்பு நடந்துச்சு, அதுல நானும் படிச்சேன். ஆனா தண்ணியும், கக்கூசும், நாங்க குடியிருக்கிற லயத்து வரிசை வீட்டுக்குக் கூரைத் தகரமும் யாரோட பொறுப்பு? கம்பெனி செய்ய வேண்டியதையும் அரசாங்கம் செய்ய வேண்டியதையும் செஞ்சுட்டு, பலகையில "பிரீமியம் நிதி உதவி"ன்னு எழுதி வைக்கிறாங்க. குழுவுல தொழிலாளர் பேர்தான் இருக்கும். ஆனா கூட்டத்துல தோட்ட நிர்வாகத்து ஆளும் உக்காந்திருப்பாரு. நாளைக்குக் காலையில பெரட்டுல, அதான் வேலை பிரிக்கிற இடத்துல, யாருக்கு எந்த மலைன்னு சொல்ற ஆள் எதிர்ல இருக்கும்போது எங்க அம்மா என்னத்தப் பேசுவாங்க?

சம்பளம் வேற கதை. அதை முத்திரை முடிவு பண்றதில்ல. நாளுக்கு ஆயிரம் ரூபா கேட்டுத் தெருவுல நின்னு பல வருஷம் கழிச்சு 2021லதான் அது சம்பள நிர்ணய சபை மூலமா வந்துச்சு. கம்பெனிகள் அதுக்கும் கோர்ட்டுக்குப் போனாங்க. 2024 மே மாசம் 1700ன்னு அறிவிச்சாங்க, திரும்பவும் கோர்ட். கடைசியில செப்டம்பர்ல 1350ல வந்து நின்னுச்சு. இந்த இழுபறி நடந்தப்ப எந்தத் தோட்டத்துச் சரக்குல என்ன முத்திரை இருந்துச்சுங்கிறது ஒரு பேச்சாவே வரல.

அந்தச் சம்பளமும் முழுசா வரணும்னா சொன்ன கிலோவை எடுக்கணும், இல்லாட்டி அரைப் பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான். நிறுக்கும்போது ஈரத்துக்கு, சாக்குக்குன்னு கழிப்பாங்க. நியாய வணிகத்துக்குப் பத்துக் கொள்கை எழுதுனவங்க அந்தத் தராசுப் பக்கத்துல ஒரு நாள் நின்னு பாக்கணும்.

இன்னொன்னும் சொல்லணும். நாட்டுக்கு டாலர் கொண்டு வந்த எங்க மலையகத் தமிழரோட குடியுரிமையை 1948ல பறிச்சாங்க. வோட்டு இல்லாத சனம் கூலி பேச முடியாது. எங்க கூலி இன்னிக்கும் இப்படி இருக்கிறதுக்கு உலகச் சந்தை மட்டும் காரணமில்ல.

கோத்தகிரிக்காரன்

தோட்டத் தொழிலாளி கதை ஒரு பக்கம். சொந்தமா இலை வெச்சிருக்கிற எங்க கதையையும் கேளுங்க. ஓஹாக்கா காபிக்காரர் மாதிரி விளைவிக்கிறவரும் விக்கிறவரும் நாங்களேதான், அப்ப எங்களுக்காவது சரியா வரணுமில்ல? வரல.

நீலகிரியில எங்களை மாதிரி ஒரு ஏக்கர் ரெண்டு ஏக்கர்காரங்க ஆயிரக்கணக்குல இருக்கோம். பச்சைத் தேயிலையைக் காலையில பறிச்சா சாயங்காலத்துக்குள்ள ஃபேக்டரி போய்ச் சேரணும். வெச்சிருந்தா சூடேறி வீணாப் போயிடும். அதனால ஏஜென்ட் வண்டி வந்து நின்னா அவன் சொல்றதுதான் எடை, அவன் சொல்றதுதான் தரம். விலை என்னன்னு இலை குடுக்கற அன்னைக்கு எங்களுக்குத் தெரியாது. குன்னூர் ஏலத்துல தூள் என்ன விலைக்குப் போச்சோ அதை வெச்சு மாசத்துக்கு ஒரு விலை தேயிலை வாரியம் சொல்லும். விலை தெரியாம சரக்கை வித்துட்டு வீட்டுக்கு வர்ற ஒரே வியாபாரி நாங்கதான்.

இன்ட்கோ கூட்டுறவு ஃபேக்டரிங்க 16 இருக்கு, அதுல நாங்க மெம்பர். மெம்பர்னா ஓனர் மாதிரின்னு பேரு. விலைக்காகக் கோத்தகிரியில உண்ணாவிரதம் உக்காந்ததும் அதே மெம்பருங்கதான்.

ஃபேர்டிரேட் எடுக்கலாமான்னு எங்க ஊர்ல ஒரு தடவை பேசிப் பாத்தோம். சங்கம் பதியணும், மருந்து அடிக்கிறதுக்கெல்லாம் ரெக்கார்டு வெக்கணும், வருஷாவருஷம் ஆடிட் ஃபீஸ் கட்டணும். சரி, கட்டறோம், வாங்க ஆள் இருக்கான்னு கேட்டா, "முதல்ல சான்றிதழ் எடுங்க, அப்புறம் பாக்கலாம்"னாங்க. அதோட பேச்சு நின்னு போச்சு.

ஏலக்கணக்கு

கோத்தகிரிக்காரர் சொன்ன "சாயங்காலத்துக்குள்ள" என்ற ஒரு சொல்லில்தான் விஷயம் முழுவதும் இருக்கிறது. காபி விவசாயி பழத்தை உரித்துக் கழுவிக் காயவைத்தால் மாதக்கணக்கில் மூட்டையில் வைக்கலாம். விலை பிடிக்கவில்லையென்றால் காத்திருக்கலாம். கோக்கோவும் அப்படித்தான். அந்தக் காத்திருப்புக்குத் தோள் கொடுக்கத்தான் தரை விலையும் முன்பணமும் வந்தன. பச்சை இலைக்குக் காத்திருப்பு என்பதே கிடையாது. அதனால் தேயிலையில் பேரம் பேசும் பலம் செடி வைத்திருப்பவரிடம் இல்லை, ஃபேக்டரி வைத்திருப்பவரிடம் இருக்கிறது.

ஃபேக்டரியில் விவசாயிக்கும் பங்கு இருந்தால் எப்படி என்பதற்கு கென்யாவைப் பாருங்கள். அங்கே ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட சிறு விவசாயிகள் கென்யா தேயிலை வளர்ச்சி முகமை (கே.டி.டி.ஏ.) நிர்வாகத்தில் உள்ள ஃபேக்டரி கம்பெனிகளின் பங்குதாரர்கள். இலைக்கு மாதாமாதம் ஒரு தொகை வரும். தூள் விற்றுக் கணக்கு முடிந்த பிறகு வருடக் கடைசியில் "போனஸ்" என்று இன்னொரு தொகை வரும். மொத்த வருமானத்தில் அதுவும் கணிசமானது. குறையில்லாத ஏற்பாடு என்று சொல்லவில்லை. போனஸ் குறைந்த வருடங்களில் ஃபேக்டரி வாசலில் மறியல் நடக்கிறது, செடியைப் பிடுங்கிப் போட்டவர்களும் உண்டு. ஆனால் சண்டை போட அவர்களிடம் ஒரு கணக்குப் புத்தகம் இருக்கிறது. நீலகிரியில் சண்டை போட ஏஜென்ட் வண்டி மட்டும்தான் இருக்கிறது.

உடைமை வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். கானாவின் குவாபா கோக்கோ கூட்டுறவு 1998ல் பிரிட்டனில் ஒரு சாக்லேட் கம்பெனியில் பங்காளி ஆனது, அந்தக் கம்பெனி பிறகு டிவைன் என்று பெயர் மாறியது. விவசாயிகள் கையில் நாற்பது சதவீதத்துக்கு மேல் பங்கு இருந்தது, எல்லா மேடையிலும் அதை உதாரணம் காட்டினார்கள். 2020ல் ஒரு ஜெர்மன் சாக்லேட் தயாரிப்பாளர் பெரும்பங்கை வாங்கினார், விவசாயிகள் பங்கு சுருங்கிவிட்டது. சந்தையில் பெரிய மீன்களோடு நீந்த முதலீடு வேண்டும். அது கூட்டுறவிடம் இல்லை.

பெரட்டுக்களம் சொன்னதற்கும் ஆதாரம் உண்டு. லண்டன் பல்கலைக்கழகத்தின் எஸ்.ஓ.ஏ.எஸ். கல்லூரி ஆய்வாளர்கள் எத்தியோப்பியாவிலும் உகாண்டாவிலும் நான்கு வருடம் வேலை செய்து 2014ல் அறிக்கை வெளியிட்டார்கள். ஃபேர்டிரேட் அமைப்புகள் இருக்கும் பகுதிகளில் கூலிக்கு வேலை செய்பவர்களுக்குக் கூலி கூடவில்லை, பல இடங்களில் மற்ற பகுதிகளை விடக் குறைவு என்றார்கள். ஒப்பிட்ட முறை சரியில்லை என்று ஃபேர்டிரேட் தரப்பு மறுத்தது. என் கருத்தில், ஒப்பீட்டைப் பற்றி அவர்கள் எழுப்பிய கேள்வி சரிதான், ஆனால் அறிக்கை காட்டிய இடைவெளி உண்மை. சிறு விவசாயிக்கும் கீழே ஒரு கூலியாள் இருக்கிறார் என்பதை இந்த இயக்கம் வெகுகாலம் பார்க்கவில்லை.

சந்தைச்சாமி

எல்லாரும் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வருகிறீர்கள். காபி விலை விழுந்தது ஏன்? உற்பத்தி கூடியது. தரை விலை கொடுத்தால் இன்னும் நடுவார்கள், இன்னும் விழும். கூட்டுறவுக்குள் இருப்பவன் பிழைப்பான், வெளியே இருப்பவன் செத்தான். இதில் நியாயம் எங்கே? நல்ல தரம் போடுங்கள், நல்ல விலை கிடைக்கும். பணக்கார நாடுகள் வரியையும் மானியத்தையும் எடுத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். முத்திரை ஒட்டித் தீராது.

ஏலக்கணக்கு

வரி, மானியம் பற்றிச் சொன்னதில் உங்களோடு நிற்கிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தில் பச்சைக் காபிக் கொட்டைக்கு இறக்குமதி வரி பூஜ்யம், வறுத்த காபிக்குப் பொது வரி 7.5 சதவீதம். ஏழை நாடுகள் பலவற்றுக்கு விலக்கு உண்டு. ஆனாலும் வறுக்கிற வேலையும் அதன் லாபமும் எங்கே இருக்க வேண்டும் என்று அந்தப் பட்டியல் பல தலைமுறையாகச் சொல்லி வந்திருக்கிறது. பருத்தி அதைவிட மோசம். தன் பருத்தி விவசாயிகளுக்கு அமெரிக்கா தந்த மானியத்தை எதிர்த்து உலக வர்த்தக அமைப்பில் 2002ல் வழக்குப் போட்ட பிரேசில் வென்றது. கடைசியில் 2014ல் 300 மில்லியன் டாலர் வாங்கிக்கொண்டு முடித்துக்கொண்டது. அதே காலத்தில் நியாயம் கேட்ட பெனின், புர்கினா ஃபாசோ, சாட், மாலி என்ற ஆப்பிரிக்கப் பருத்தி நாடுகளுக்கு அந்த மாதிரித் தொகை எதுவும் வரவில்லை. வழக்கு நடத்தவும், வென்ற பிறகு பதிலடி கொடுப்போம் என்று மிரட்டவும் பலம் வேண்டும்.

"நல்ல தரம் போடு, நல்ல விலை கிடைக்கும்" என்பதுதான் இடிக்கிறது. எத்தியோப்பியாவின் சிடாமோ, ஹரார், யிர்காசெஃப் காபிகளை விட நல்ல தரம் எங்கே போய்த் தேடுவது? அந்தப் பெயர்களுக்கு அமெரிக்காவில் வணிகப் பெயர் உரிமை (டிரேட்மார்க்) கேட்டு அந்த நாடு 2005ல் விண்ணப்பித்தபோது அமெரிக்க காபி வணிகர் சங்கம் எதிர்த்தது. ஸ்டார்பக்ஸோடு பெரிய தகராறு. ஆக்ஸ்ஃபாம் தொண்டு நிறுவனம் பிரசாரம் செய்து, உலகம் முழுக்கப் பேச்சாகி, 2007ல்தான் உடன்பாடு வந்தது. தரம் தோட்டத்தில் இருந்தது, பெயரின் விலை வேறிடத்தில் இருந்தது.

கோக்கோவில் கானாவும் ஐவரி கோஸ்ட்டும் சேர்ந்தே நின்று பார்த்தார்கள். உலக உற்பத்தியில் பாதிக்கு மேல் அவர்களுடையது. 2020-21 பருவத்திலிருந்து டன்னுக்கு 400 டாலர் கூடுதலாகத் தர வேண்டும் என்றார்கள். வாங்குபவர்கள் அதைக் கொடுத்துவிட்டு, தரத்துக்காகத் தனியாகத் தரும் தொகையைக் குறைத்துக்கொண்டார்கள். அது பூஜ்யத்துக்குக் கீழேயும் போனது. 2024ல் சந்தை விலை டன்னுக்குப் பத்தாயிரம் டாலரைத் தாண்டியபோது கானா விவசாயிக்கு அது கிடைக்கவில்லை. சரக்கை முன்கூட்டியே பழைய விலைக்கு விற்று வைத்திருந்தார்கள்.

பின்னலாடை

நான் திருப்பூர், பின்னலாடை தெச்சு ஏற்றுமதி பண்றேன். தேயிலை பத்தித் தெரியாது. விலையை மட்டுமே எல்லாரும் பேசறீங்க, காசு எப்ப வருதுங்கறதை யாரும் பேசலையேன்னு எழுதறேன்.

வாங்கற பையருக்கு சரக்கு போன பிறகு காசு வர 60 நாள், 90 நாள், இப்ப சிலர் 120 நாள். நூலுக்கு நான் இன்னைக்குக் காசு குடுக்கணும், சாயப்பட்டறைக்கு ஒரு மாசத்துல, லேபருக்கு வாரம் சனிக்கிழமை. நடுவுல பேங்க் ஓ.டி. கடனுக்கு வட்டி ஓடிட்டே இருக்கும். ஆக ஐரோப்பாவுல இருக்கற பெரிய பிராண்டுக்கு அவிநாசி ரோட்டுல இருக்கற நான் கடன் குடுத்துட்டு இருக்கேன், அதுவும் வட்டியில்லாம. 2020ல கொரோனா வந்ததும், தெச்சு பொட்டி கட்டின ஆர்டரையே கேன்சல் பண்ணினாங்க. 2025 ஆகஸ்ட் கடைசியில அமெரிக்கா 50 சதவீதம் வரி போட்டதும் முதல் மெயில் எங்களுக்குத்தான் வந்துச்சு, "எவ்வளவு டிஸ்கவுன்ட் தர்றீங்க?"ன்னு.

ஆடிட் வர்றாங்க. தீயணைப்பான், குடிதண்ணி, ஓவர்டைம் ரெஜிஸ்டர் எல்லாம் பாக்கறாங்க. பாக்கட்டும், நல்லதுதான், அதுக்கு முன்னாடி இங்க நிலைமை மோசமாத்தான் இருந்துச்சு. ஆனா ஆடிட் ஃபீஸ் நான் கட்டறேன். அதே கம்பெனியோட பர்ச்சேஸ் டிபார்ட்மென்ட் அடுத்த நாள் பீஸுக்கு அஞ்சு சென்ட் குறைக்கச் சொல்லுது. சம்பளத்தை ஏத்துன்னு ஒரு ஆபீஸும் ரேட்டை இறக்குன்னு இன்னொரு ஆபீஸும் ஒரே கட்டிடத்துல இருந்து எழுதறாங்க.

ஏலக்கணக்கு

மிக முக்கியமான இடம். ஃபேர்டிரேட் விதிகளில் என்னைக் கேட்டால் ஒழுங்கான விதி இதுதான்: கூட்டுறவு கேட்டால் ஒப்பந்தத் தொகையில் 60 சதவீதம் வரை முன்கூட்டியே ஏற்பாடு செய்து தர வேண்டும். கைவினைப் பொருட்களில் உலக நியாய வணிக அமைப்பின் விதி பாதித் தொகை முன்பணம், வட்டியில்லாமல். போஸ்டரில் இது வராது, பார்க்க அழகில்லை. 2025 தொடக்கத்தில் காபி பவுண்டுக்கு 4 டாலரைத் தாண்டியபோது தரை விலை 1 டாலர் 80 சென்ட். அதற்கு அன்றைக்கு எந்த வேலையும் இல்லை. ஆனால் கூட்டுறவுகள் திண்டாடியது ரொக்கத்துக்குத்தான். வாசலில் நோட்டுக்கட்டோடு தரகர் நிற்கும்போது, கூட்டுறவு "அடுத்த மாதம் தருகிறோம்" என்றால் எந்த உறுப்பினர் சரக்கைக் கொடுப்பார்?

தேம்ஸ்கரை

எல்லாம் வாசிச்சன். சில இடம் ரெண்டு தரம். சரி, இப்ப நான் கடையில போய் என்ன செய்யிறது? முத்திரை இல்லாததை வாங்கினா அந்தப் பன்னிரண்டரை சென்ட்டும் இல்லையெல்லோ?

பெரட்டுக்களம்

முத்திரை உள்ளதையே வாங்குங்க அண்ணே. எனக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக் குடுத்த காசு அது, வேணாம்னு சொல்ல மாட்டேன். அந்தச் சில்லறையைக் கூட எங்க ஆளுங்களே முடிவு பண்றதுக்கு விடாத காலமும் வந்துச்சு. 2017ல சைன்ஸ்பரிஸ் சூப்பர்மார்க்கெட் தன்னோட தேயிலைக்கு ஃபேர்டிரேட்டை விட்டுட்டு சொந்தமா "ஃபேர்லி டிரேடட்"னு போட்டுச்சு. பிரீமியம் காசை எதுக்குச் செலவழிக்கணும்னு லண்டன்ல இருக்கிற அவங்க அறக்கட்டளைக்கு விண்ணப்பிக்க வேண்டியிருந்துச்சு. "எங்க காசு மேல எங்க அதிகாரத்தை எடுக்காதீங்க"ன்னு ஆப்பிரிக்கத் தேயிலைக்காரங்க கடிதம் எழுதினாங்க. அதோட ஒப்பிட்டா பழைய முத்திரை எவ்வளவோ மேல்.

வாங்குறதோட நிக்காம ஒன்னு கேளுங்க. எந்தத் தோட்டம்னு கேளுங்க. டிரெய்ட்கிராஃப்ட் எக்ஸ்சேஞ்ச்னு உங்க ஊர் அமைப்பு 2018ல அசாம் தேயிலைக்காக இதைக் கேட்டுச்சு. ஜனங்க எழுத எழுத, பிரிட்டன்ல பெரிய பிராண்டுங்க பலதும் தோட்டப் பட்டியலை வெளியில போட்டாங்க. பேர் தெரிஞ்சா அந்தத் தோட்டத்துத் தொழிற்சங்கம் அதைப் பிடிச்சுக்கிட்டுப் பேசலாம்.

சந்தைச்சாமி

பட்டியல் போட்டால் கூலி ஏறுமா?

பெரட்டுக்களம்

தானா ஏறாது. ஆனா "எங்களுக்கு இந்த விலைதான் கிடைக்குது, கட்டுப்படியாகல"ன்னு கம்பெனி சம்பள சபையில சொல்லும்போது, வாங்குறவன் யாருன்னு தெரிஞ்சா "அவனையும் கூப்பிடு, சேர்ந்து உக்காந்து பேசுவோம்"னு சொல்ல முடியும். இப்ப அந்த நாற்காலி காலியா இருக்கு.

தேம்ஸ்கரை

எங்கட வீட்டுப் பெட்டியின்ர பிராண்ட் தளத்தில பாத்தன். பட்டியல் இருக்கு. கென்யா, மலாவி, அசாம், இலங்கை, நீலகிரி எல்லாம் தோட்டம், ஃபேக்டரிப் பேரோட போட்டிருக்கினம். விலையும் இல்லை, எத்தினை கிலோ வாங்கினது எண்டும் இல்லை. ரெண்டு கேள்வி எழுதி மெயில் போட்டிருக்கிறன்: போன வருசம் இலங்கைத் தோட்டங்களில வாங்கினதில எத்தினை சதவீதம் ஃபேர்டிரேட் விலைக்கு, காசு எத்தினை நாளில குடுத்தனீங்கள். பதில் வந்தா இஞ்ச போடுறன்.

கோத்தகிரிக்காரன்

நீலகிரின்னு இருக்கற ஃபேக்டரி பேருங்களை மட்டும் இங்க போடுங்க சார். எங்க இலை எடுக்கற ஃபேக்டரி அதுல இருக்கான்னு பாக்கணும்.